மணி அடிக்காத ஐந்து வாரம்

திருச்சி
9-4-1984

அன்புள்ள சின்னப்பராஜுக்கு,

நான் நலம். உன் வீட்டில் தங்கச்சி அன்னபுஷ்பமும் மகள் ரூத்தும் சுகம்தானே? ஆறு வருஷமாகக் கூண்டில் வைத்து நான் மல்லாடிய வல்லூறு ஜோடி இந்தத் தடவை மூன்று குஞ்சு பொரித்துவிட்டது! என்னைப் பைத்தியம் என்ற காலேஜ்காரர்கள் இப்போது வரிசையில் வந்து எட்டிப் பார்க்கிறார்கள்.

குஞ்சுகளை நம் ஊர்ப் பக்கம்தான் விட வேண்டும். ஏரியும் பொட்டலும் புறாவும் அங்கேதான் இருக்கின்றன. கோயில் மணிக்கோபுரத்தில் பெட்டி வைத்து, பின்னாலிருந்து குழாய் வழியே கறி போட வேண்டும். ஆள் முகம் அவற்றுக்குத் தெரியக் கூடாது. பத்து நாள் கழித்துப் பெட்டியைத் திறந்த பிறகும், தானாக வேட்டையாடும் வரை தீனி போட்டாக வேண்டும். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாராக நீ இருக்கும்போது வேறு யாரைக் கேட்பேன்?

ஒன்றே ஒன்று. ஈஸ்டர் முடிந்து ஐந்து வாரம் கோயில் மணி அடிக்கக் கூடாது. பறக்கப் பழகும் நாட்களில் பெரிய சத்தம் கேட்டால் மிரண்டு ஓடி, திரும்ப வழி தெரியாமல் பட்டினியில் செத்துப்போகும். பெரிய வெள்ளியன்று மணிக்குப் பதிலாக மரக்கட்டை தட்டுவீர்களே, அதையே தட்டுங்கள். கல்யாணமோ சாவோ, யார் வீட்டுக்கானாலும் மணி வேண்டாம். எனக்காக.

உன்
செல்வநாதன்


சேசு மரி சூசை துணை
சேரப்பணஞ்சேரி
8-5-1984

அன்புள்ள செல்வம்,

எல்லோரும் சுகம். நீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போன பத்தாம் நாள், சனிக்கிழமை, பெட்டியைத் திறந்தேன். பொட்டை இரண்டும் மதியத்துக்குள் சிலுவைக்குத் தாவிவிட்டன. ஆண் மட்டும் சாயங்காலம் வரை வாசலிலேயே உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தது, உன்னை மாதிரியே. இப்போது மூன்றும் நன்றாகப் பறக்கின்றன. கறிக்கு மட்டும் தவறாமல் வந்துவிடுகின்றன.

ஊர் வாயைத்தான் தாங்க முடியவில்லை. "இன்னா உபதேசியாரே, உங்க சாமி இன்னும் எழுந்துக்கலியா? கட்டையே தட்டிக்கினு கீறீங்க" என்கிறான் டீக்கடை நாகப்பன். பங்குச் சாமியார், "உங்கள் பொறுப்பு" என்று ஒதுங்கிக்கொண்டார்.

கறி நறுக்குவது அன்னபுஷ்பம். "நம்ம வூட்ல ஞாயித்துக்கெழமதான் கறி, இதுங்களுக்கு தெனம் கோழியா? உங்க பிரெண்டு என்னைச் சமையக்காரியாக்கிட்டாரு" என்று உன்னைத் திட்டிக்கொண்டேதான் நறுக்குகிறாள். ஆனால் மூன்றையும் எண்ணிப் பார்க்காமல் சாப்பிட உட்காருவதில்லை.

பிள்ளைப்பாக்கம் பக்கம் யாரோ கம்பெனிக்காரர்கள் நிலம் பார்த்துவிட்டுப் போகிறார்களாம். பொட்டல் இருக்கும்போதே உன் பிள்ளைகள் வேட்டை கற்றுக்கொண்டால் நல்லது.

அன்புடன்
சின்னப்பராஜ்


திருச்சி
20-5-1984

அன்புள்ள சின்னப்பா,

கடிதமே காணோமே, கோபமா? இன்னும் ஒரு வாரம்தான், பொறுத்துக்கொள். பத்திரிகையிலிருந்து போட்டோ எடுக்க வரப்போகிறார்கள். மூன்றையும் ஊட்டி வளர்த்தவள் என்று அன்னபுஷ்பத்தையும் சேர்த்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நல்ல சேலையாகக் கட்டிக்கொள்ளச் சொல்.

உன்
செல்வநாதன்


சேரப்பணஞ்சேரி
29-5-1984

செல்வம்,

போட்டோவுக்கு நிற்க அன்னபுஷ்பம் இல்லை. பதினாறாம் தேதி காலையில் கறி நறுக்கிக்கொண்டிருந்தவள், நெஞ்சை அடைக்கிறது என்றாள். ஸ்ரீபெரும்புதூருக்கு வண்டி பிடிப்பதற்குள் போய்விட்டாள். உனக்குத் தந்தி கொடுக்கவில்லை. கொடுக்கப் பிடிக்கவில்லை, மறைப்பானேன்.

இந்த ஊரில் யார் செத்தாலும் துக்க மணி அடிப்பவன் நான். பதினெட்டு வருஷமாக அடிக்கிறேன். ரூத் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மாவுக்கு மணி அடிப்பா" என்று அழுதாள். கயிறு வரைக்கும் போய்விட்டேன். அண்ணாந்து பார்த்தால் மூன்றும் சிலுவையில் இருந்தன. உனக்குக் கொடுத்த வாக்கும் உன் ஆறு வருஷப் பாடும் ஞாபகம் வந்தன. அன்னபுஷ்பம் அன்று நறுக்கிவைத்த கறி இன்னும் தட்டில்தான் இருந்தது. கயிற்றை விட்டுவிட்டு மரக்கட்டையை எடுத்தேன்.

"இன்னாப்பா, அம்மாவவிட அதுங்க பெருசாப் பூட்ச்சா?" என்று ரூத் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை.

ஊரில் பாதிப் பேருக்கு விஷயமே தெரியவில்லை. பக்கத்தில் வடக்குப்பட்டில் இருக்கும் அன்னபுஷ்பத்தின் அக்காளுக்குச் சொல்லப் போனவன் அவளைக் கழனி கழனியாகத் தேடியிருக்கிறான். அவள் வந்தபோது குழியை மூடியாகிவிட்டது. மணி கேட்டிருந்தால் ஓடி வந்திருப்பேனே என்று மண்ணில் விழுந்து கதறினாள்.

ஞாயிற்றுக்கிழமையோடு உன் ஐந்து வாரம் முடிந்தது. பூசைக்கு மணி அடித்தேன். மூன்றும் மணிக்கு நேர் மேலேதான் உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூடப் பறக்கவில்லை, செல்வம். ஆண் இறக்கையைக் கோதிக்கொண்டிருந்தது. கை ஓயும் வரை அடித்தேன். அசையவே இல்லை.

இது உனக்கு முன்பே தெரியுமா? அதை மட்டும் எழுது.

சின்னப்பராஜ்


திருச்சி
2-6-1984

அன்புள்ள சின்னப்பா,

சேலை கட்டிக்கொள்ளச் சொல்லி எழுதிய கையால் இதை எழுதுகிறேன். வெட்கமாக இருக்கிறது.

'வளர்ந்துவிட்டன, அதனால்தான் மிரளவில்லை' என்று முதலில் எழுதினேன். கிழித்துப் போட்டுவிட்டேன். கூண்டிலிருந்து முப்பது அடி தள்ளித்தான் எங்கள் காலேஜ் மணி இருக்கிறது. முட்டைக்குள் இருந்த நாளிலிருந்தே மணிக்கு மணி அதைக் கேட்டு வளர்ந்தவை அவை. ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் எனக்கே தெரிந்திருக்கும். வெளிநாட்டுப் புத்தகத்தில் பெரிய சத்தம் ஆகாது என்று இருந்தது. அதைப் பார்த்து அப்படியே உனக்கு எழுதிவிட்டேன். சாவுக்கும் வேண்டாம் என்று எழுதினேனே, அது எந்தப் புத்தகத்திலும் இல்லை. அது நானாக எழுதியது.

நான் வந்து ரூத்தின் காலில் விழுகிறேன். வரலாமா?

செல்வநாதன்


சேரப்பணஞ்சேரி
14-6-1984

செல்வம்,

உன் கடிதத்தை ரூத்திடம் கொடுத்தேன். படித்துவிட்டு, மடித்து, என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

பறவைகள் போன வாரமே கிளம்பிவிட்டன. அதற்கு முன் நான்கு நாள் கறியைத் தொடவில்லை. பெரிய பொட்டை ஏரிக்கரையில் புறா அடித்ததைக் கண்ணால் பார்த்தேன். இனிப் பிழைத்துக்கொள்ளும். அதில் எனக்குச் சந்தோஷம்தான். அடுத்த வருஷமும் குஞ்சு பொரித்தால் கொண்டு வா. கோபுரத்துச் சாவி சாமியாரிடம் இருக்கும், சொல்லிவைத்திருக்கிறேன். தீனி போட மட்டும் வேறு ஆளைப் பார்த்துக்கொள்.

உன்மேல் இருந்த கோபம் ஆறிவிட்டது. நீ யோசிக்காமல் எழுதினாய். கயிற்றைக் கையில் வைத்திருந்தவன் நான்தான். ஆனால் வீட்டுக்கு வராதே. கடிதமும் போடாதே. என் மகள் என்னோடு பேசாத வீட்டில், உன்னோடு உட்கார்ந்து நான் பேசிக்கொண்டிருக்க முடியாது.

இப்படிக்கு
சின்னப்பராஜ்