போட்டோ முடிந்ததும்

மே 3

லீவுக்கு ஊரெல்லாம் மலை, கடல் என்று போகிறது. நாங்கள் விமானம் ஏறிச் சேவை செய்யப் போகிறோம். இவருடைய அலுவலகக் குழு, குடும்பம் குடும்பமாக, வெளிநாட்டில் ஓர் அநாதை விடுதிக்கு. "பிள்ளைங்க குடுக்கக் கத்துக்கணும்" என்கிறார், சாப்பிட்ட தட்டை எடுத்து வைக்கத் தெரியாத மனுஷன். பிள்ளைகள் ஆளுக்கொரு பொம்மை தர வேண்டுமாம், அதுவும் ரொம்பப் பிடித்ததாக. பெரியவளுக்கு எட்டு வயசு, கெட்டிக்காரி. கை உடைந்த பொம்மைதான் உயிர் என்று சாதித்துவிட்டாள். சின்னவனுக்கு ஐந்து. தினமும் கட்டிக்கொண்டு தூங்கும் துணி யானையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான். "வேற எதையாவது குடுக்கட்டுமேங்க" என்றேன். "வலிச்சாத்தான் சேவை" என்று பெட்டியில் வைத்து மூடினார்.

மே 6

வந்து சேர்ந்தோம். குழாய்த் தண்ணீரில் துரு வாடை. வார்டன் நம் ஆள்தான், கல்யாணமாகி இங்கே வந்தவராம். பேச்சில் தேன் ஒழுகுகிறது.

யானை, முன்பல் விழுந்த ஒரு சிறுமிக்குப் போனது. சின்னவன் அவளுக்குப் 'பொக்கை' என்று பேர் வைத்துவிட்டான். யானையின் காதை எப்படிப் பிடித்துக்கொண்டு தூங்க வேண்டும் என்று படுத்தே காட்டினான். மொழி புரியாவிட்டாலும் அவளும் அப்படியே செய்தாள். இவர் சொன்னது சரிதானோ?

மே 7

இல்லை. நேற்று போட்டோ எடுத்து முடிந்ததும் கிளம்பினோம். கைப்பையை மறந்துவிட்டு, பெரியவளோடு திரும்பிப் போனேன். பிள்ளைகள் வரிசையில் நின்று பொம்மைகளைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தரும் அழவில்லை. வார்டன் வாங்கி வாங்கிக் கண்ணாடி அலமாரியில் அடுக்கினார். பொக்கை விடுதிக்குப் புதுசு போலிருக்கிறது, கொடுக்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். வார்டன் அவள் மணிக்கட்டை அழுத்தி, விரல்கள் திறந்ததும் யானையை உருவினார். "அதுங்க கையில குடுத்தா ஒரே நாள்ல கிழிச்சிடும்மா. அடுத்த குரூப்பு வந்தா காட்ட வேணாமா?" என்று என்னிடம் சிரித்தார்.

மே 8

இவரிடம் சொன்னேன். "நாம விருந்தாளி, மூக்கை நுழைக்காதே" என்றார். அடுத்த வருஷம் குழுவுக்கு இவர்தான் தலைவராம். ஓ, சங்கதி அதுதானா! நேரே வார்டனிடம் போய்ப் பொரிந்து தள்ளிவிட்டேன்: யானையை அந்தப் பெண்ணிடமே கொடுங்கள், இல்லாவிட்டால் எல்லாரிடமும் சொல்வேன். "ஆகட்டும்மா" என்றார். மனசு லேசாகிவிட்டது.

மே 10

பொக்கையைக் காணோம். விளையாட வரவில்லை. சமையலறைக்குப் பின்னால் பாத்திரம் தேய்ப்பதைப் பெரியவள் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். உள்ளங்கை இரண்டும் தடித்துச் சிவந்திருந்ததாம்.

ஐயோ, என்னாலதானே? வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா நான்? திரும்பப் போய்க் கேட்டால் என்ன ஆகும்? கேட்காவிட்டால்? "நீ பேசப் பேச அடி அவளுக்குத்தான் விழும்" என்றார் இவர். சரியாகத்தான் பட்டது. எனக்கு வசதியாகவும் இருந்தது.

மே 12

வழியனுப்பு விழா. பொக்கைக்குத் தலை சீவி, புதுச் சட்டை மாட்டி மேடையேற்றினார்கள். கையில் யானை. சின்னவனையும் மேலே அழைத்தார்கள். "எனக்கு வேண்டாம் தம்பி. நீயே வச்சுக்கோ" என்றாள், நம் மொழியில், ஓர் எழுத்து பிசகாமல். எத்தனை தரம் சொல்ல வைத்தார்களோ. "எங்க பிள்ளைங்களுக்கும் குடுக்கத் தெரியும்" என்றார் வார்டன், என்னைப் பார்த்து.

சின்னவன் பாய்ந்து யானையைக் கட்டிக்கொண்டான். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள். பொக்கை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். எழுந்து, கைதட்டினேன்.

மே 13

விமானம். பக்கத்தில் பெரியவள். தம்பி மடியிலிருந்த யானையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மே 20

இவரைத் தலைவராக அறிவித்துவிட்டார்கள். காலையிலிருந்து போனில் வாழ்த்து.

பிள்ளைகள் கூடத்தில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெரியவள்தான் வார்டன். சாமான்களை எல்லாம் கொடுத்து, இல்லாத கேமராவால் படம் பிடித்து, ஒவ்வொன்றாகத் திரும்ப வாங்கினாள். சின்னவன் தன் காரை விடவில்லை. அவன் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினாள். எங்கே அழுத்தினால் கை திறக்கும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அவன் வீறிட்டான்.

"அழக்கூடாது. சிரிச்சுகிட்டே குடு."

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அதற்குள் அவன் சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டான்.