சீட்டாட்டக்காரியின் அம்மாவுக்கு

என் தங்க அம்மா,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. நான் பட்டம் வாங்கிவிட்டேன். மேடையில் தொப்பி வழுக்கிக்கொண்டே இருந்தது, நீ இருந்திருந்தால் ஊக்குக் குத்தி நிறுத்தியிருப்பாய்.

தெம்பனிஸில் ஓர் ஆயுள் காப்புறுதி நிறுவனம் வேலை கொடுத்திருக்கிறது. இன்னொரு பக்கம் போக்கர் சீட்டாட்டம். மூன்று வாரம் மணிலாவில் தங்கிப் போட்டிகளில் ஆடிப் பார்த்தேன். இதையே தொழிலாக வைத்துக்கொள்ளலாம் என்று கூட ஆடியவர்கள் சொன்னார்கள்.

மற்ற அம்மாக்கள் வேலை வேலை என்று உயிரை எடுப்பார்கள். நீயோ புக்கிட் பாத்தோக்கில் நம் அடுக்குமாடி புளோக் முழுக்கத் தம்பட்டம் அடித்தாய்: "எம் பொண்ணு ஆபீசுக்கெல்லாம் போக மாட்டா. சீட்டாடியே உலகத்தச் சுத்துவா!" நான் வேலைக்குப் போனால் உன் மனசு உடைந்துவிடும் என்று பயந்துகொண்டே இருந்தேன்.

உன்னிடம் ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை மதியம் வீட்டில் கடலையைப் பந்தயம் வைத்து ஆடும்போது, நீ என் பின்னால் உட்கார்ந்து என் சீட்டைப் பார்ப்பாய். உன் முகத்தை வைத்தே என் நண்பர்கள் என்னிடம் என்ன இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் உனக்கு ஆட்டத்தையே மாற்றிச் சொல்லிக்கொடுத்தேன். போக்கரில் ஒற்றை ஜோடி ரொம்பச் சாதாரணம். அதுதான் பெரிய சீட்டு என்று உன்னை நம்பவைத்தேன். எனக்கு உதவாத ஜோடி ஒன்று வந்தாலே நீ வாயெல்லாம் பல்லாகச் சிரிப்பாய். அவர்கள் பயந்துபோய் ஆட்டத்தை விட்டுவிடுவார்கள். பெற்றவளையே ஏமாற்றினோமே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது.

போன ஞாயிறு ஜாலான் புசாரில் ஒரு கடையில் பரோட்டா சாப்பிடும்போது அத்தையிடம் இதைச் சொல்லிவிட்டேன். அத்தை சிரித்த சிரிப்பில் டீ மூக்கில் ஏறிவிட்டது.

"நீ வேற! உங்கம்மாவுக்கு எது பெரிய சீட்டுன்னு தெரியாதா? நீ தப்பாச் சொல்லித் தர்றேன்னு மொத நாளே எங்கிட்ட சொல்லிட்டா லா. புள்ள ஜெயிக்கணும்னு நடிச்சிருக்கா."

அம்மா! நீயா? டிவி நாடகத்தில் யாராவது விக்கினாலே அழுகிற நீயா? கடையில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தேன்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் உறைத்தது. அப்படியானால், ஆபீசுக்குப் போகாதே என்று நீ சொன்னதும் நடிப்பா? எனக்கு ஆட்டத்தில் ஆசை என்று நினைத்துப் பெருமைப்படுவதுபோல் காட்டிக்கொண்டாயா? உன் முகத்தை எத்தனை முறை நினைத்துப் பார்த்தும் பிடிபடவில்லை.

வேறு வழியில்லாமல் என்னையே கேட்டுக்கொண்டேன். மணிலாவில் ஜெயித்தபோது என்னைச் சுற்றி எல்லோரும் காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு உம்மென்று இருந்தார்கள். வேலைக்கான நேர்காணலிலோ கேள்வி கேட்டவர்களும் நானும் ஒரு கணக்கைப் பற்றி ஒரு மணி நேரம் சண்டை போட்டுச் சிரித்தோம். எனக்கு அந்த வேலை பிடித்திருக்கிறது அம்மா. வருகிறேன் என்று இன்று காலை பதில் அனுப்பிவிட்டேன்.

இதில் உனக்குச் சந்தோஷமா, வருத்தமா, தெரியவில்லை. எனக்கு ரொம்பச் சந்தோஷம். இனி எனக்கு எது வேண்டும் என்பதை உன்னிடம் நேராகவே சொல்வேன், சத்தியம். எனக்காக நீ இனிமேல் நடிக்க வேண்டாம்.

உன் ஒரே மகள்,
தேவி