வெயிலில் மல்லாந்து கிடந்த ரெக்ஸ்

ஜூன் 10, செவ்வாய்

ஒரு வார மழைக்குப் பிறகு இன்றுதான் வெயில் அடித்தது. தேயிலைக் கொழுந்து எடுத்துவிட்டு வந்தபோது எங்கள் நாய் ரெக்ஸ், தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் நாலு காலையும் தூக்கி, வாய் திறந்தபடி மல்லாந்து கிடந்தது. கூப்பிட்டேன்; அசையவில்லை. பக்கத்துக் காம்பரா வீட்டு ராமையா அண்ணனின் கோழியைப் போன வாரம் இதுதான் கடித்துப் போட்டது.

"நாய்க்கு நஞ்சு வச்சிட்டீங்களே அண்ணே!" என்று கத்திவிட்டேன். லயமே கூடிவிட்டது.

அந்தச் சத்தத்தில் ரெக்ஸ் புரண்டு எழுந்து வாலை ஆட்டியது. வயிற்றுக்கு வெயில் காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். எல்லாரும் சிரித்தார்கள்.

ராமையா அண்ணன் சிரிக்கவில்லை. கிட்டே வந்து மெதுவாகக் கேட்டார்: "யாரும்மா ஒனக்குச் சொன்னது?"

இப்போது ரெக்ஸ் அடுப்படியில் மறுபடி மல்லாந்து தூங்குகிறது. இதை எழுதும்போது இரண்டு வரிக்கு ஒருமுறை எழுந்துபோய், மூச்சு வருகிறதா என்று அதன் வயிற்றைத் தொட்டுப் பார்க்கிறேன்.