அஞ்சம்மாள் என்ற உதாரணம்

சிதம்பரம்
3 மார்ச் 2025

அன்புள்ள கார்த்திகேசனுக்கு,

நலம்தானே? வியன்னாவில் ஏவுகணைத் தடுப்பு பற்றி நீங்கள் பேசிய உரையைப் படித்தேன். இரண்டாம் உலகப் போருக்கு முன் பிரான்ஸ் கட்டி, ஜெர்மானியர் சுற்றிக்கொண்டு வந்துவிட்ட கோட்டை வரிசையைக் காட்டி, தடுப்பே வீண் என்றிருக்கிறார்கள் எதிர்த்தரப்பில். அதுவே அரைகுறை ஒப்புமை. பதிலுக்கு நீங்கள் எங்கள் கடலூர்த் தேவனாம்பட்டினத்தைக் காட்டியிருக்கிறீர்கள்: "என் மாமியார் அஞ்சம்மாள் சுனாமியில் இறந்தார். எச்சரிக்க யாருமில்லாததால் இறந்தார்."

கடல் குறிபார்ப்பதில்லை. சுவரைக் கண்டதும் இன்னும் நான்கு அலை சேர்த்து அனுப்புவோம் என்று அது யோசிக்காது. ஏவுகணை விடுகிறவன் யோசிப்பான். வரலாறு படித்த உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டுமா? மாதக் கடைசியில் உரை அச்சாகும் முன் அதிலிருந்து அம்மாவை எடுத்துவிடுங்கள். ஜூனில் அங்கே வந்துவிடுவதாகத்தான் இருக்கிறேன்.

இளவரசி

வியன்னா
11 மார்ச்

என் இளவரசிக்கு,

மாணவர் தாளைத் திருத்துவதுபோல் என்னையும் திருத்துகிறாய், போ! அத்தையின் பெயரைச் சொன்னதும் அரங்கமே அடங்கிவிட்டது தெரியுமா? ஒரு தூதர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புள்ளிவிவரத்துக்கு யார் அழுவார்கள்? அத்தை உரையிலேயே இருக்கட்டும்.

கார்த்திகேசன்

சிதம்பரம்
17 மார்ச்

கார்த்திகேசனுக்கு,

எச்சரிக்கை இருந்தது. நம் கல்யாணத்துக்கு முன் நடந்தது, உங்களிடம் சொன்னதில்லை.

முதல் அலையில் தப்பி ரோட்டுக்கு வந்த அம்மா, கடை போனிலிருந்து என்னைக் கூப்பிட்டாள். "வூட்டைப் பூட்டாம ஓடியாந்துட்டேன் பாப்பா. போவாதேன்னு கடைக்கார பச்சமுத்து கத்துறாரு, இன்னும் வருதாம். நீ படிச்சவ, சொல்லு. போவட்டா?"

"புயல்ல ஏறுற தண்ணி மாதிரிதாம்மா. வடிஞ்சிட்டா திரும்பாது. போய்ப் பூட்டிட்டு வா" என்றேன்.

எனக்குத் தெரிந்தது புயல் மட்டும். எச்சரிக்க யாருமில்லை என்று அச்சிடாதீர்கள்.

இளவரசி

வியன்னா
24 மார்ச்

இளவரசி,

உன்மேல் தப்பில்லை. யாராயிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். ஆனால் யோசித்தால், இது முன்னதைவிட வலுவாக இருக்கிறது. எச்சரிக்கை மட்டும் போதாது, தடுப்பும் வேண்டும் என்பதற்கு வேறென்ன சான்று? உன் பெயர் இல்லாமல் 'படித்த மகள்' என்று சேர்த்துக்கொள்ளட்டுமா? ஆறு நாள்தான் இருக்கிறது.

கார்த்திகேசன்

சிதம்பரம்
26 மார்ச்

கார்த்திகேசனுக்கு,

அது எந்தத் தடுப்புக்கும் சான்றில்லை. நான் சொன்ன தவறுக்கு மட்டும்தான் சான்று. சேர்ப்பதானால் என் பெயரைப் போடுங்கள். அந்தப் படித்த மகள் யாரென்று தெரியட்டும். ஆனால் உங்கள் மனைவி என்று போட வேண்டாம். ஜூனில் நான் வரவில்லை. அதன் பிறகும் வரமாட்டேன்.

அ. இளவரசி