தைத்து மூடிய கடிதம்

மார்ச் 3

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? என் மூட்டுவலியும் சௌக்கியம். ஒரு நல்ல செய்தி. நான் கையால் செய்த புத்தகத்தை ஓவியக் கண்காட்சியில் வைக்கப் போகிறார்கள். உலகத்திலேயே ஒரே பிரதி. ஓவியம் மாதிரி நின்று பார்க்கிற புத்தகம். பன்னிரண்டு வருடமாக நீ எனக்கு எழுதிய கடிதங்களைத்தான் மடித்து, வண்ணம் தீட்டி, நூலால் கோத்திருக்கிறேன். மனைவியோடு வந்து சேர். வராவிட்டால் உன் பேச்சு கா!

அக்கா

மார்ச் 9

அக்காவுக்கு,

சந்தோஷம். ஆனாலும் கோபமாகத்தான் எழுதுகிறேன். என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? எட்டு வருடம் முன்பு வேலை போனதையும், இவளுக்குத் தெரியாமல் நாலு மாதம் ஆபீஸ் போவதுபோல் கிளம்பிப் பூங்காவில் உட்கார்ந்திருந்ததையும் உனக்கு மட்டும்தானே எழுதினேன்? அதை ஊரே படிக்க வேண்டுமா? இவள் வேறு, "என்ன, முகம் தொங்கிப் போச்சு?" என்று பக்கத்திலேயே நிற்கிறாள்.

தம்பி

மார்ச் 14

என் கண்ணு தம்பிக்கு,

கேட்காதது தப்புத்தான். ஆசை கண்ணை மறைத்துவிட்டது. கண்காட்சிப் பொறுப்பாளரிடம், "என் புத்தகத்தை எடுத்துக்கிறேன்" என்றேன். "மேசை காலியா நிக்குமேம்மா" என்று அவர் முகம் சுருங்கிவிட்டது. நிற்கட்டும்.

புத்தகத்தை உனக்கே அனுப்பிவிட்டேன். கிழித்துப் போட்டாலும் வருத்தமில்லை. அந்தக் கடிதத்தை மட்டும் முதலிலேயே நாலு ஓரமும் தைத்து மூடியிருந்தேனடா. ஓர் எழுத்துகூட வெளியே தெரியாது. சாக்குச் சொல்கிறேன் என்று நினைக்காதே.

உன் அக்கா

மார்ச் 22

அன்புள்ள அக்காவுக்கு,

பார்சலை இவள்தான் பிரித்தாள். என் கோழிக் கிறுக்கல் மேல் நீ தீட்டிய நீலத்தைத் தடவித் தடவிப் பார்த்தாள். பிறகு, "இது ஒண்ணு மட்டும் ஏன் தைச்சிருக்கு?" என்றாள். மழுப்ப வாய் வரவில்லை. கத்தரிக்கோலால் தையலைப் பிரித்து அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

படித்தாள். "தினமும் செருப்புல புல்லு ஒட்டிட்டு வருவீங்க. எந்த ஆபீஸ்ல புல்லு முளைக்குது? நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள். எட்டு வருடம், அக்கா! அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

நேற்று அவளே ஊசியை எடுத்து, பழைய ஓட்டைகளில் நூலைக் கோத்து அதை மூடினாள். "எனக்குத் தெரிஞ்சாப் போதும். அண்ணி புத்தகம் கண்காட்சிக்குப் போகட்டும்" என்றாள்.

சனிக்கிழமை இருவரும் புத்தகத்தோடு வருகிறோம். மேசையைப் பிடித்து வை. தையல் கொஞ்சம் கோணல்தான். நீ திருத்தப் போகாதே.

உன் தம்பி