யோசேப்பின் களஞ்சியம்

டெக்சஸ், அமெரிக்கா
4 பிப்ரவரி 2024

அன்புள்ள செல்லம் அக்காவுக்கு,

கர்த்தருக்குள் நலம். இங்கே அடிக்கும் குளிர் நம் கேமரன் மலைக் குளிரைத் தூக்கிச் சாப்பிட்டுவிடும்.

"அதென்னடா படிப்பு?" என்று பவளம் அத்தை கேட்டதாக எழுதியிருந்தாய். சம்பளக்காரக் குடும்பம் தன் வரவு, சேமிப்பு, ஓய்வுக்காலம் எல்லாவற்றையும் வேதத்தின்படி எப்படித் திட்டமிடுவது என்று சொல்லித்தரும் எம்.பி.ஏ. இது. பணம் நம்முடையதல்ல, கர்த்தருடையது, நாம் அதைப் பார்த்துக்கொள்ளும் வெறும் உக்கிராணக்காரர்கள் என்பது முதல் பாடம்.

போன வாரம் ஒரு வீட்டுப்பாடம். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் நம் லயத்தையே எடுத்துக்கொண்டேன். எகிப்தில் யோசேப்பு ஏழு வருஷம் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்து வைத்தாரே, அதுபோல 'யோசேப்பின் களஞ்சியம்' என்று ஒரு நிதியைக் கற்பனை செய்தேன். ஏழு வருஷத்தில் போட்ட பணம் இரட்டிப்பாகும் என்று எழுதிக் காட்டினேன். பேராசிரியர் முழு மதிப்பெண் போட்டுவிட்டார்!

ஒரு கவலை. என் உதவித்தொகையை நிறுத்திவிட்டார்கள். ஏப்ரல் பதினைந்துக்குள் கட்டணம் கட்டாவிட்டால் திரும்பி வரவேண்டியதுதான். ஆராதனை முடிந்து சபையில் கடிதத்தை வாசிக்கும்போது இந்தப் பத்தியை விட்டுவிடு.

அன்புத் தம்பி,
தேவநேசன்

தேயிலைத் தோட்டம், ரிங்லெட், மலேசியா
3 மார்ச் 2024

என் நேசனுக்கு,

ஸ்தோத்திரம். ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, இல்லை ரொட்டியைக் கடித்துக்கொண்டு திரிகிறாயா?

உன் கடிதத்தை ஜெபவீட்டில் வாசித்தேன். நம் மூப்பரைத்தான் தெரியுமே. "போன்ல வர்றதுக்கெல்லாம் ஆமென் சொல்ல முடியாதுலா, தாள்ல வந்தாத்தான் நிருபம்" என்பார். களஞ்சியம் என்றதும் சபையே நிமிர்ந்து உட்கார்ந்தது. இரட்டிப்பு என்றபோது போட்ட ஆமெனில் தகரக்கூரை அதிர்ந்தது. 'கற்பனை' என்பதையும் வாசித்தேனடா. அது யார் காதிலும் ஏறவில்லை. ஜெபவீட்டில் வாசித்தால் அது நடக்கப்போகிற காரியம் என்றுதான் நம் ஆட்களுக்குத் தெரியும்.

சாயங்காலமே பவளம் அத்தை வந்துவிட்டார். முப்பத்தெட்டு வருஷம் கொழுந்து பறித்தவர். ஆகஸ்டில் வேலை முடிகிறது, லயத்து வீட்டையும் விடவேண்டும். சேமநிதியில் எடுத்த பன்னிரண்டாயிரம் வெள்ளிப் பணத்தை மடியிலிருந்து அவிழ்த்து என் கையில் திணித்தார். "டவுன்ல ஒரு வீடு பாத்து வச்சிருக்கேன் புள்ள. முன்பணத்துக்குக் கொஞ்சம் கொறையுது. நம்ம நேசன்கிட்ட இருந்தா ஆகஸ்டுக்குள்ள கூடிரும்லா" என்றார்.

பொட்டலம் இப்போது என் அரிசிப் பானைக்குள் இருக்கிறது. அடுத்த ஞாயிறு விளக்கிச் சொல்லித் திருப்பித் தரவேண்டும்.

கட்டணத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. கர்த்தர் ஒரு வழி திறப்பார்.

அக்கா,
செல்லம்

டெக்சஸ்
28 மார்ச் 2024

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அனுப்பிய முப்பத்தெட்டாயிரம் வெள்ளி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கல்லூரியில் கட்டிவிட்டேன். கட்டிய மறுநாள், ரிங்லெட்டில் காய்கறி லோரி ஓட்டும் மகேனிடமிருந்து ஒரு செய்தி: "நானும் மூவாயிரம் போட்ருக்கேன்டா. பாத்துக்க."

எதில் போட்டான்? அத்தையின் பொட்டலத்தைத் திருப்பிக் கொடுத்தாயா இல்லையா? தேயிலை பேக்கிங் செய்யும் உனக்கு இவ்வளவு பணம் ஏது? அம்மாவின் சங்கிலியை விற்றாலும் பத்தாயிரம் தேறாதே. எத்தனை தடவை கூப்பிட்டேன், ஏன் போனை எடுக்கமாட்டேன் என்கிறாய்?

கீழே இருப்பதை, கடிதம் கிடைத்ததும் வரும் ஞாயிறே அப்படியே வாசி. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

"களஞ்சியம் என்று ஒன்று இல்லை. அது நான் வகுப்புக்கு எழுதியது. யாரும் பணம் கொடுக்கவேண்டாம். கொடுத்தவர்கள் அக்காவிடம் திருப்பிக் கேளுங்கள்."

நேசன்

ரிங்லெட்
21 ஏப்ரல் 2024

நேசா,

நான் வாசிக்கவில்லை.

முதல் ஞாயிறே சொல்லத்தான் எழுந்தேன். நாக்கு எழவில்லை. அதற்குள் பதினோரு வீடு பணத்தோடு வந்துவிட்டது. நீ பெட்டியோடு திரும்பி வந்து பஸ்ஸிலிருந்து இறங்குவதுதான் என் கண்முன் நின்றது. உன்னைப் படிக்கவைப்பேன் என்று அப்பா கல்லறையில் நான் கொடுத்த வாக்கு உனக்குத் தெரியாததா? பானையில் இருந்ததை அப்படியே எடுத்து அனுப்பிவிட்டேன்.

திருடிவிட்டேன் என்கிறாயா? சொல்லிக்கொள். அவர்கள் உன்னை நம்பித்தான் போட்டார்கள், உன்னிடம்தான் வந்து சேர்ந்திருக்கிறது. நீ சம்பாதித்து இரட்டிப்பாகத் திருப்பிக் கொடு.

மகேனிடம் உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால் தாராளமாகச் சொல். நான் தடுக்கமாட்டேன். ஆனால் சொல்வதற்கு முன், வகுப்பில் நீ உட்காரும் நாற்காலி யார் பணம் என்று யோசித்துக்கொள்.

அக்கா

ரிங்லெட்
25 ஆகஸ்ட் 2024

நேசா,

நான்கு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. மகேனிடமும் நீ வாய் திறக்கவில்லை. என்னைப் பார்த்தால் அவன் இன்னும் சிரிக்கிறான், அதிலேயே தெரிந்துகொண்டேன். உனக்கும் நாக்கு எழவில்லை, இல்லையா?

வருகிற சனிக்கிழமை பவளம் அத்தை வீட்டைக் காலி செய்யவேண்டும். சாமான்களைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார். டவுன் வீட்டுக்காரர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவேன் என்கிறாராம். "நேசன் எழுதிட்டானா புள்ள?" என்று தினமும் ஃபேக்டரி வாசலில் நின்று கேட்கிறார்.

இன்று ஆராதனை முடிந்ததும் மூப்பர், "நிருபம் வந்துச்சா?" என்று கேட்டார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். வேதப்புத்தகத்துக்குள் உன் பழைய உறை இருந்தது. அதற்குள் கரண்டு பில்லைத்தான் வைத்திருந்தேன். அதைப் பிரித்து வைத்துக்கொண்டு, பார்த்துப் படிப்பதுபோல வாசித்தேன்: "பிரியமானவர்களே, களஞ்சியம் நிறைந்துகொண்டிருக்கிறது. பவளம் அத்தை இன்னும் சில நாள் பொறுத்திருக்கட்டும்."

உன்னைப்போலப் பேச எனக்கு நன்றாகவே வருகிறது. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அத்தைதான் எல்லாரையும்விடச் சத்தமாகச் சொன்னார்.

அடுத்த ஞாயிறு அவர் சாமானோடு ஜெபவீட்டுக்கே வந்துவிடுவார். நான் எழுந்து நிற்கவேண்டும். என்ன வாசிக்கட்டும்?

அக்கா,
செல்லம்