வெட்டி எடுத்த குரல்

சனிக்கிழமை, இரவு.

படுத்தும் தூக்கம் வரவில்லை. இன்று மாலை நாவற்குடாவில், வாவிக்கரை ஹோட்டல் ஒன்றில் டிஜே செய்தேன். ஜமைக்கா டான்ஸ்ஹால் பாட்டு ஒன்றின் அடியில், போன வருடம் சித்தாண்டியில் ஒரு செத்தவீட்டு வாசலில் போனில் பதிவு செய்த பறையைக் கலந்தேன். அதில் ஒரு பெண் அலறுவதும் பதிவாகியிருந்தது. நன்றாக இருந்ததால் அந்தக் குரலை வெட்டி, திரும்பத் திரும்ப வரவைத்திருந்தேன். கூட்டம் துள்ளியது. நானும் துள்ளினேன்.

சாப்பாடு பரிமாறிக்கொண்டிருந்த பெண் தட்டோடு என் மேசைக்கு வந்தாள்.

"அண்ணா, இத எங்க எடுத்த நீங்க?"

சொன்னேன்.

"கத்துறது எங்கட அம்மா. அண்டைக்குத்தான் அப்பாவச் சுடலைக்குத் தூக்கினது."

உடனே நிறுத்தினேன்.

"மன்னிச்சிருங்க தங்கச்சி. தெரியாமச் செஞ்சிட்டன்."

அவள் பதில் சொல்வதற்குள் கூட்டம் "போடு, போடு" என்று கத்தியது. ஹோட்டல் மனேஜர் தூரத்தில் நின்று, போடச் சொல்லிக் கையைக் காட்டினார்.

அதையே திரும்பப் போட்டேன்.

அந்தப் பெண் தட்டோடு கூட்டத்துக்குள் போனாள். நிகழ்ச்சி முடிந்ததும் தேடினேன், வீட்டுக்குப் போய்விட்டாளாம். தெரியாமல் செய்தது ஒரு தடவை. இரண்டாம் தடவை தெரிந்துதான் செய்தேன்.

நாளை சித்தாண்டிக்குப் போக வேண்டும். அந்த அம்மாவிடம் எதைச் சொல்லித் தொடங்குவது?